அகடாமா தீர்ந்த பருவத்தில்: போன்சாய்த் தொட்டிக்கு மாற்று ஊடகம் தேடிய அனுபவம்

போன்சாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கலவைக்குக் கை பழகிவிட்டால், மூட்டை தீரும்வரை அதைப் பற்றி யோசிப்பதில்லை. அகடாமா என்னும் ஜப்பானியக் களிமண் மணிகள், பியூமிஸ் எனப்படும் நுரைக்கல், எரிமலைக்கல் ஆகிய மூன்றையும் சமபங்காகக் கலந்து நான் பல ஆண்டுகள் பயன்படுத்திவந்தேன். ஒரு மறுநடவுப் பருவத்திற்குச் சற்று முன்னால் அகடாமாவின் வரத்து அடியோடு நின்றுபோனது. நுரைக்கல்லும் கைக்கு எட்டவில்லை. மரங்களிலோ மொட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பருவத்திலும் அதை அடுத்து வந்த பருவங்களிலும் தேடியவை, சோதித்தவை, ஒதுக்கியவை, இன்றும் தொடர்ந்து பயன்படுத்துபவை ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன். அகடாமாவுக்கு இணையான ஒரே பொருளைத் தேடுவதில் பயனில்லை என்பதே என் முடிவு. அது தொட்டிக்குள் என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த வேலைகளுக்கு ஆள் தேடுவதைப் போலப் பொருள்களைத் தேடினால்தான் வழி பிறக்கிறது.

ஜப்பானின் காண்டோ சமவெளியில் எரிமலைச் சாம்பல் நெடுங்காலம் சிதைந்து உருவான களிமண் படிவுதான் அகடாமா. அதைத் தோண்டியெடுத்து, உலர்த்தி, மணியின் அளவுக்கேற்பச் சலித்து மூட்டை கட்டுகிறார்கள். ஒவ்வொரு மணியும் தனக்குள் நீரைச் சேமித்துக்கொண்டு, மணிகளுக்கு இடைப்பட்ட வெளியைக் காற்றுக்கு விட்டுக்கொடுக்கிறது. உரமாக இடும் சத்துகளில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து மெல்ல விடுவிக்கிறது. நுண்வேர் துளைத்துச் செல்லும் அளவுக்கு அது மென்மையானது. பழைய வேர்க்கட்டியைப் பிரிக்கும்போது, ஒரே மணியை வேர் இரண்டாகப் பிளந்துகொண்டு போயிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த மென்மைக்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் மணிகள் நொறுங்கிச் சேறாகத் தொடங்கும். நீர் உறைந்து உருகும் குளிர் நாடுகளில் அது இன்னும் விரைவாக நடக்கும். அதிலுள்ள அலோஃபேன் என்னும் கனிமம் பாஸ்பேட்டை இறுகப் பிணைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே அகடாமாவை ஈடு இணையற்ற பொருளாகக் கருத வேண்டியதில்லை. நீர் இருப்பு, காற்றோட்டம், சத்துப் பிடிப்பு, உருக்குலையாமை, மரத்தை அசையாமல் நிறுத்தும் எடை ஆகிய ஐந்தையும் ஓரளவுக்குச் சேர்த்தே தரும் பொருள் அது என்பதுதான் அதன் மதிப்பு.

இந்த ஐந்தில் காற்றோட்டத்தை நான் முதலில் வைப்பதற்குத் தொட்டியின் ஆழமின்மையே காரணம். எந்தத் தொட்டியிலும் நீர் ஊற்றி வடிந்த பிறகு அடியில் ஓர் ஈரப்படலம் தங்கிவிடும். புவியீர்ப்பு இழுத்தாலும் நுண்துளைகளின் பிடிப்பு அதை விடாது. அந்தப் படலத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது மணியின் அளவுதான். தொட்டியின் ஆழம் அதை மாற்றுவதில்லை. ஒரு கலவையில் அந்தப் படலம் 2 செ.மீ. உயரம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. ஆழமுள்ள சாதாரணப் பூந்தொட்டியில் அது பத்தில் ஒரு பங்கு மட்டுமே, 4 செ.மீ. ஆழமுள்ள போன்சாய்த் தொட்டியிலோ அது சரிபாதி. தோட்டத்து மண்ணில் செழித்து நிற்கும் செடி போன்சாய்த் தொட்டியில் அதே மண்ணில் வேரழுகிப் போவதற்கு இதுவே காரணம். அடியில் பெரிய கற்களைப் பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்தக் கற்களுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில், அதே ஈரப்படலம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மாற்றுப் பொருளின் மணி சற்றுச் சிறியதாக அமைந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு மட்டும் மரத்தைச் சற்று ஆழமான பயிற்சித் தொட்டியில் வைப்பது அடியில் கல் பரப்புவதைவிட எவ்வளவோ மேல்.

பொருளைத் தேடி அலைவதற்கு முன்னால், எந்தெந்த மரத்துக்கு அந்தப் பருவத்தில் உண்மையிலேயே மறுநடவு தேவை என்று பார்த்துக்கொண்டேன். நாட்காட்டியைப் பார்த்து மறுநடவு செய்யும் வழக்கத்தை நான் அப்போதுதான் கைவிட்டேன். ஊற்றிய நீர் மேற்பரப்பில் குளம்போலத் தேங்காமல் இறங்கி, வடிகால் துளைகள் வழியே தடையின்றி வெளியேறுகிறது என்றால், அந்த மரம் இன்னும் ஓராண்டு காத்திருக்கும். மேற்பரப்பு மட்டும் இறுகியிருந்தால், மேலுள்ள ஒரு விரல் கனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய மணிகளை இட்டாலே போதும். நடுப்பகுதி இறுகிய மரங்களுக்கு, வேர்க்கட்டியில் மரக்குச்சியால் அடிவரை சில துளைகள் இட்டு, அவற்றில் சொரசொரப்பான மணிகளை நிரப்பினேன். இது தற்காலிக ஏற்பாடுதான் என்றாலும், அடுத்த பருவம் வரையில் காற்றும் நீரும் உள்ளே போக வழி கிடைத்தது. இப்படிக் கழித்துப் பார்த்ததில், கட்டாயம் மறுநடவு வேண்டிய மரங்கள் நான் பயந்த எண்ணிக்கையில் பாதிகூட இல்லை.

கையிருப்பில் மிஞ்சிய அகடாமாவை எல்லா மரங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் எண்ணம் எவருக்கும் எழுவது இயல்பு. நான் அதை ஏற்கவில்லை. பத்துச் சதவீத அகடாமா ஒரு கலவையின் குணத்தை மாற்றாது. அதே அளவு மொத்தமாக ஒரு சிறிய மேப்பிளுக்குக் கிடைத்தால் அதன் நுண்வேர்களுக்குப் பயன்படும். ஆகவே உள்ளங்கையில் அடங்கும் சிறிய மரங்கள், மெல்லிய வேர் அடர்த்தி தேவைப்படும் இலையுதிர் மரங்கள், நோயிலிருந்து தேறிவரும் மரங்கள் ஆகியவற்றுக்கே அதை ஒதுக்கினேன். ஆல், அத்தி இனங்களும் ஊசியிலை இனமான ஜூனிப்பர்களும் எதிலும் ஒத்துப்போகும் இயல்புடையவை. புதிய பொருள்களின் சோதனைக்கு அவையே முன்னால் நின்றன.

அடுத்த ஆதாரம் பழைய கலவைதான். மறுநடவில் வெளியேறும் மண்ணை வீசிவிடுவது வழக்கம். அதை நன்றாக உலர்த்தி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, சலித்துப் பார்த்தால், நுரைக்கல்லும் எரிமலைக்கல்லும் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பக் கிடைக்கின்றன. அகடாமாவிலும் இன்னும் உடையாத மணிகள் கணிசமாக இருக்கின்றன. உலராத நிலையில் சலித்தால் சேறு மணிகளோடு ஒட்டிக்கொண்டு எல்லாம் ஒரே உருண்டையாகத் தெரியும் என்பதால், முழுமையாக உலர்த்துவது அவசியம். பிறகு நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் தங்கியிருக்கும் உர உப்புகளும் கரைந்து போகும். கொதிநீர் ஊற்றியோ, கறுப்புத் தாளில் பரப்பி மேலே கண்ணாடித் தாள் மூடிக் கடும் வெயிலில் சில வாரங்கள் காயவைத்தோ கிருமிகளைக் குறைக்கலாம். ஆனால் வேரழுகலோ வேர்முடிச்சு நூற்புழுவோ கண்ட மரத்தின் மண்ணை நான் எந்த நிலையிலும் திரும்பப் பயன்படுத்துவதில்லை; அந்த அளவுக்குச் சிக்கனம் தேவையில்லை.

புதிதாகத் தேடியவற்றில் எனக்கு அதிகம் கைகொடுத்தது உடைத்த செங்கல். களிமண் செங்கல் பெரும்பாலும் 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுகிறது. அந்த வெப்பத்தில் களிமண் நீரில் கரையாத நிலைக்கு மாறிவிடுகிறது. நுண்துளைகளோ இன்னும் மூடிப்போவதில்லை. ஆனால் எல்லாச் செங்கல்லும் ஒன்றல்ல. சரியாக வேகாத செங்கல் நகத்தால் கீறினாலே பொடி உதிரும். ஓர் ஆண்டில் தொட்டிக்குள் சேறாகிவிடும். சூளையில் தீக்கு மிக அருகில் இருந்து அதிகம் வெந்துவிட்ட செங்கல் கருநீலமாகவோ கண்ணாடிபோல் மினுமினுப்பாகவோ இருக்கும்; துளைகள் உருகி மூடிக்கொண்டதால் அது நீரை உறிஞ்சாத வெறும் கல்லாகிவிடுகிறது. இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டும்போது மந்தமான ஓசை வந்தால் வேகாதது என்று கொள்ளலாம். ஓசை கணீரென்று இருந்தும், உடைத்த முகத்தில் ஒரு சொட்டு நீர் விட்டவுடன் உள்ளே இழுபட்டால் அதுவே நமக்கு வேண்டிய செங்கல்.

எவ்வளவு நீர் பிடிக்கிறது என்பதை எடைபோட்டும் பார்த்துவிடலாம். உலர்ந்த துண்டுகளை எடையிட்டு, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மேலீரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து மறுபடி எடையிட்டால், கூடிய எடைதான் மணிகளுக்குள் புகுந்த நீர். சாதாரணச் செங்கல் தன் எடையில் பத்து முதல் இருபது சதவீதம் வரை நீரை ஏற்கும். அகடாமாவோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். நீர் தேங்குவதை விரும்பாத பைன், ஜூனிப்பர் மரங்களுக்கு இந்தக் குறைவே அனுகூலமாக அமைகிறது. செங்கல்லை ஒரு சாக்குப்பைக்குள் போட்டுச் சுத்தியலால் உடைத்தால் சில்லுகள் தெறிக்காது. ஓங்கி அடிப்பதைவிடச் சிறு சிறு தட்டுகளாகத் தட்டினால் பொடி குறைந்து மணிகள் அதிகம் கிடைக்கின்றன. அப்படியும் உடைத்ததில் பாதிக்கு மேல் தூளாகத்தான் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சலித்த பின் கழுவும்போது முதல் நீர் காவிக் குழம்பாக ஓடும். அடியில் கிடக்கும் மணிகள் தெளிவாகத் தெரியும்வரை கழுவுவதை நிறுத்தக்கூடாது, ஏனென்றால் அந்தக் குழம்புதான் பின்னர் தொட்டியின் அடியில் படிந்து வடிகால் துளைகளின் வலையை அடைக்கும்.

இடிந்த கட்டடங்களின் பழைய செங்கல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதில் சுண்ணாம்புச் சாந்தோ சிமெண்டோ ஒட்டியிருந்தால் ஊடகம் காரத்தன்மை அடையும். இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றப் பகுதி மஞ்சளாகவும் மாறும். சில துண்டுகளின் மேல் வினிகரை விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். செங்கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் கரையும் உப்பு. அதைப் பல நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்துப் போக்கிவிடலாம். அசேலியா போன்ற அமிலம் விரும்பும் செடிகளுக்கு, ஐயமுள்ள எந்தச் செங்கல்லையும் நான் தொடுவதில்லை. அவற்றுக்கென்றே ஜப்பானியர் பயன்படுத்தும் கனுமா, அகாகி எரிமலையின் பழைய வெடிப்பில் படிந்த நுரைக்கல் அடுக்கிலிருந்து எடுக்கப்படும் அமிலத்தன்மை கொண்ட பொருள். அது கிடைக்காதபோது சுண்ணாம்பு கலவாத நுரைக்கல்லையும் நன்கு மக்கிய பைன் பட்டையையும் சேர்த்துச் சமாளிக்கலாம்.

சுட்ட களிமண் மணிகள் வேறு பெயர்களில் பல இடங்களில் கிடைக்கின்றன. தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்சப் பட்டறைகளில் தூவும் பொருள், விளையாட்டுத் திடல்களின் மண்ணைச் சீர்படுத்தும் பொருள், பூனைகளின் கழிவுத் தட்டில் இடும் பொருள் என்று அவற்றின் வேடம் மாறுகிறது. சில சுட்ட களிமண், சில நுண்பாசி ஓடுகள் படிந்து உருவான டயாட்டம் மண்ணைச் சுட்டவை, இன்னும் சில பெண்டோனைட் என்னும் சுடப்படாத களிமண். மூன்றாவது வகை போன்சாய்க்கு நஞ்சுக்கு ஒப்பானது. நீர் பட்டவுடன் வீங்கிப் பசையாகி வேர்களை மூச்சுத் திணறச் செய்யும். உறையின் மேல் கட்டிபடும் தன்மை சிறப்பாகச் சொல்லப்பட்டிருந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். மணம் சேர்த்தவையும் வேண்டாம்.

சுட்டதா, சுடாததா என்று உறையைப் பார்த்து அறிய முடியாதபோது உறைபனிச் சோதனை உதவுகிறது. ஒரு கைப்பிடி மணிகளைக் கண்ணாடிக் குவளையில் நீர் விட்டு ஊறவைத்து, அப்படியே உறைபதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் உருகவிட்டு, விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். நான் சோதித்த ஒரு வகை உருகியபோது குவளையின் அடியில் சாம்பல் நிறக் கூழாகக் கிடந்தது. இன்னொன்றின் மணிகள் கூர்முனை மழுங்காமல் இருந்தன; விரலால் அழுத்தியபோது நீர் மட்டும் கசிந்தது. உறைவதும் உருகுவதும் பலமுறை நடக்கும் இடங்களில் வாழ்பவர்கள் இதை ஐந்தாறு சுற்றுகள் செய்து பார்ப்பது நல்லது. தேறிய பொருளிலும் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சுட்ட களிமண் நிறைய நீரைப் பிடித்தாலும், அதன் மிக நுண்ணிய துளைகளில் இருக்கும் நீரை வேரால் எளிதில் இழுக்க முடியாது. மேலே ஈரமாகத் தெரிந்தும் மரம் வாடத் தொடங்குவது இதனால்தான். கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

எரிமலைக்கல் எங்கே கிடைத்தாலும் வாங்கிவைக்கத் தக்கது. உருக்குலையாது, முகம் சொரசொரப்பாக இருப்பதால் வேர் நன்றாகப் பற்றிக்கொள்ளும், எடையும் உண்டு. சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடியான பெர்லைட் காற்றோட்டம் தரும் என்றாலும் எடையே இல்லாததால் ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் மேலே மிதந்து வருகிறது. வேர்விடும் தண்டுகளுக்கும் பயிற்சிப் பெட்டிகளுக்கும் அது போதும், காட்சித் தொட்டிக்கு வேண்டாம். சூட்டில் விரிந்த அடுக்குக் கனிமமான வெர்மிகுலைட் சில மாதங்களில் நசுங்கிவிடும். நீர்வழி வேளாண்மையில் பயன்படும் உருண்டைக் களிமண் பந்துகளை முழுசாகப் போட்டால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாமல் உருளும், மரம் ஆடும். உடைத்துப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் துளைகளும் வெளிப்பட்டு நன்றாகவே வேலை செய்கின்றன.

மணலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குவார்ட்சு மணியின் உள்ளே துளை கிடையாது. நீரோ சத்தோ அதில் தங்காது. உலர்ந்த நிலையிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. 2 மி.மீ.க்கு மேற்பட்ட கரடுமுரடான பருமணலைச் செங்கல் மணிகளோடு கால் பங்கு சேர்க்கலாம். அதற்கு மேல் அது தரும் நன்மை எடை மட்டுமே. கடல்மணலில் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கலந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

பார்வைக்கு ஏமாற்றும் பொருள்களில் முதலிடம், நுரைபோல் துளைகள் நிறைந்த எடை குறைந்த கட்டுமானக் கல்லுக்குத்தான். அறுத்த துண்டைக் கையில் எடுத்தால் நுரைக்கல்லேதான் என்று தோன்றும். நீரையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் அது சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்த்து நீராவி அழுத்தத்தில் பதப்படுத்தியது, கடும் காரத்தன்மை கொண்டது. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் குணம் எளிதில் போகாது. நிலக்கரிக் கசடும் அப்படித்தான். துளைகள் அழகாக இருந்தாலும், அதில் கந்தகமும் கன உலோகங்களும் எவ்வளவு இருக்கின்றன என்பது எந்த நிலக்கரி எரிந்தது என்பதைப் பொறுத்தது. ஆய்வகத்தில் சோதிக்க வசதி இல்லாத நிலையில் இந்த இரண்டையும் நான் வேண்டாம் என்றே வைத்துவிட்டேன்.

கரிமப் பொருள்களில் தேங்காய் மட்டைச் சில்லுகள், மக்கிய மரப்பட்டை, உமிக்கரி ஆகியவற்றைச் சிறு அளவில் சேர்க்கலாம். செங்கல்லிலும் எரிமலைக்கல்லிலும் குறைவாக இருக்கும் சத்துப் பிடிப்பை இவை ஓரளவு ஈடுசெய்கின்றன. தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். வெறும் நீரில் கழுவினால் கரைந்த உப்பு போகும், நாரோடு பிணைந்திருக்கும் உப்பு போகாது. அதை விடுவிக்கக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். பச்சையான பட்டையும் மரத்தூளும் மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கே எடுத்துக்கொள்வதால் மரம் வெளிறும். உமிக்கரியில் சாம்பல் கலந்திருந்தால் காரம் கூடும் என்பதால் அதையும் கழுவித்தான் சேர்க்க வேண்டும். மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரிமப் பொருள் போனால், அது மக்கித் தூளாகும்போது சேற்றுச் சிக்கல் திரும்ப வந்துவிடும்.

எந்தப் பொருளானாலும் சல்லடைதான் கலவையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு பெரிய மணிக்கும் இன்னொரு பெரிய மணிக்கும் இடையிலுள்ள வெளியைச் சிறிய மணிகள் அடைத்துக்கொண்டால், எவ்வளவு உயர்ந்த பொருளாக இருந்தாலும் காற்றுக்கு இடமிருக்காது. நடுத்தர மரங்களுக்கு 3 முதல் 6 மி.மீ. வரையும், மிகச் சிறிய மரங்களுக்கு 2 முதல் 3 மி.மீ. வரையும் இரண்டு கண்ணளவு கொண்ட சல்லடைகளை வைத்துப் பிரிக்கிறேன். கலக்கும் எல்லாப் பொருள்களும் அதே அளவு எல்லைக்குள் இருக்க வேண்டும். பத்துப் பொருள்களைக் கலந்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீர் பிடிக்கும் ஒன்றும், கூர் மழுங்காத ஒன்றும் ஒரே அளவில் இருந்தால் அந்தப் பத்தும் செய்யும் வேலை நடந்துவிடுகிறது.

புதிய கலவை எதையும் மரத்துக்குக் கொடுப்பதற்கு முன் நான் ஓர் அளவுச் சோதனை செய்கிறேன். பயன்படுத்தப்போகும் தொட்டியின் ஆழத்திற்குச் சமமான ஏனத்தை எடுத்து, அடித்துளையை அடைத்து, ஏற்கெனவே ஒரு நாள் ஊறி வடிந்த கலவையை விளிம்புவரை நிரப்பி, மேற்பரப்பில் நீர் பளபளக்கும்வரை அளந்து ஊற்ற வேண்டும். பிறகு அடைப்பைத் திறந்து, வடியும் நீரைப் பிடித்து அளக்க வேண்டும். ஒரு லிட்டர் கலவையிலிருந்து 250 மி.லி. நீர் வடிந்தால், நீர் ஊற்றி முடித்த நிலையிலும் தொட்டியில் கால் பங்கு காற்று இருக்கும் என்று அர்த்தம். அந்தக் கால் பங்கை ஒட்டி அமைவதையே நான் ஏற்கிறேன். பைன் மரங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் விடுவேன். ஆழமான வாளியில் அளந்துவிட்டு அந்த எண்ணை ஆழமற்ற தொட்டிக்குப் பொருத்தக்கூடாது. முன்னர் சொன்ன ஈரப்படலம் கணக்கையே மாற்றிவிடும். நான் முடிவில் நிலைத்த கலவை, செங்கல் மணி இரண்டு பங்கு, எரிமலைக்கல் இரண்டு பங்கு, சுட்ட களிமண் ஒரு பங்கு. இலையுதிர் மரங்களுக்கு எரிமலைக்கல்லில் அரைப் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் மக்கிய பட்டையைச் சேர்க்கிறேன்.

நடும்போது கவனிக்க வேண்டியது பழைய மண்ணும் புதிய மண்ணும் சந்திக்கும் இடம். நடுவில் நைந்துபோன அகடாமாச் சேறும் சுற்றிலும் சொரசொரப்பான செங்கல்லும் இருந்தால், ஊற்றும் நீர் எளிதான வழியைப் பிடித்து ஓரமாக ஓடிவிடும். நடுப்பகுதி ஒருமுறை உலர்ந்துவிட்டால் மறுபடி நனைவதே அரிது. ஒரே முறையில் முழு வேரையும் வெளிக்கொணரத் தாங்காத பைன், ஜூனிப்பர் மரங்களில், ஒரு பாதியை இந்தப் பருவத்திலும் மறுபாதியை அடுத்த மறுநடவிலும் அடிமரம்வரை சுத்தம் செய்கிறேன். இடைப்பட்ட காலத்தில் பழைய பாதியின் ஈரத்தைக் குச்சி செருகித் தனியே பார்க்கிறேன்.

நீர் ஊற்றும் பழக்கத்தையும் கலவைக்கேற்ப மாற்றியாக வேண்டியிருந்தது. அகடாமா உலரும்போது அடர்பழுப்பிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு மாறி நமக்குச் சைகை காட்டும்; கண் அந்த நிறத்துக்குப் பழகியிருக்கும். செங்கல்லும் வெளுக்கும், ஆனால் மேல்மணிகள் வெயிலில் அரைமணி நேரத்தில் வெளுத்துவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும். கறுப்பு எரிமலைக்கல் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, தொட்டியின் ஒரு முனையைச் சற்றே தூக்கி எடையை உணர்வதும், வேர்க்கட்டியில் செருகிவைத்த மூங்கில் குச்சியை உருவிக் கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சியைப் பார்ப்பதும் என் வழக்கமாயின. பெரிய தொட்டிகளைத் தூக்க முடியாது. அவற்றுக்குக் குச்சி ஒன்றே வழி. உரத்தையும் பழைய அளவிலேயே தொடரக்கூடாது. செங்கல்லும் கல்லும் சத்தைப் பிடித்துவைக்காததால், ஒரே தடவையில் மிகுதியாக இடுவதைவிட நீர்த்த கரைசலை அடிக்கடி கொடுப்பது நன்றாக வேலை செய்தது. மாதம் ஒருமுறை வெறும் நீரைத் தாராளமாக ஊற்றித் தேங்கும் உப்பைக் கழுவிவிடுகிறேன்.

தூளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செங்கல், பெர்லைட், சுட்ட டயாட்டம் மண் ஆகியவற்றைக் கையாளும்போது எழும் புழுதியில் நுண்ணிய சிலிக்கா இருக்கலாம். அது நுரையீரலில் தங்கி நிலையான பாதிப்பை ஏற்படுத்தும். உடைப்பதற்கு முன்னால் செங்கல்லை நனைத்துவிடுவதும், திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று சலிப்பதும், நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணிவதும் தவிர்க்கக்கூடாதவை. துணிக்கவசம் இதற்குப் போதாது. சலித்து மிஞ்சும் 1 முதல் 2 மி.மீ. மணிகளை நான் தனி டப்பாவில் சேர்த்து, பாசி பதிக்கும் மேல்பரப்புக்கும் விதைத் தட்டுகளுக்கும் பயன்படுத்துகிறேன். அதைவிடச் சன்னமான தூளைத் தொட்டிகளிலிருந்து விலக்கி, நனைத்த நிலையிலேயே தோட்டத்து நடைபாதையின் பள்ளங்களில் கொட்டிவிடுகிறேன்.